யாழ்ப்பாணத்தில் மாணவர்க்கான புதுநாடகம்: பரீட்சைக்கா, போட்டிக்கா, பிள்ளைகளுக்கா?

வடமராட்சி வாத்தியார் எழுதியது:

வணக்கம். பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். பள்ளி விட்ட பிறகு பழைய மாணவர்கள் சிலரோடு சேர்ந்து நாடகம் போடுகிறேன். தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்காக இந்த ஆண்டு புதிதாக ஒன்று எழுதியிருக்கிறோம்.

கதை சிறியது. ஒரு கிணற்றில் திடீரென்று எண்ணெய் மணக்கிறது. உள்ளே இருக்கும் தவளைகள் தங்களுக்குள் வழக்கு வைக்கின்றன. கிழட்டுத் தவளைக்கு இளந்தவளைகள்மேல் சந்தேகம். இளந்தவளைகளுக்கு அண்மையில் குடிவந்த ஆமைமேல் சந்தேகம். மேலே மனிதர்கள் வருவார்கள், வாளியை மணந்து பார்ப்பார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவார்கள். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வரும்வரை குடத்தோடு காத்திருந்த வீடுகளின் பிள்ளைகள்தான் இன்று உயர்தர வகுப்பில் இருக்கிறார்கள்.

நாடகத்தில் வழக்குத் தீர்வதில்லை. நீதிபதித் தவளை பார்வையாளர் பக்கம் திரும்பி, "மேலே இருப்பவர்கள் நீங்கள்தானே, நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்கும். அங்கே நாங்கள் நிறுத்திவிடுவோம். அதன் பிறகு பிள்ளைகள் பேசுவார்கள். நாடகம் நாற்பது நிமிடம், பேச்சுக்கு இன்னொரு நாற்பது.

இப்போது சிக்கலைச் சொல்கிறேன். எழுத்துருவை வாசித்த அதிகாரி ஒருவர், "எல்லாம் நல்லது, இதில் செய்தி என்ன?" என்று கேட்டார். முடிவில் நீர்வளம் காப்பது பற்றி ஒரு பாட்டும் பதாகையும் வைத்தால் அனுமதி எளிதாம். ஒரு பாடசாலை, உயர்தர நாடக மாணவர்களுக்கு மட்டும் போட்டால் போதும், பார்த்து முடிந்ததும் அரங்க மூலகங்களை இனங்காணும் வினாத்தாள் ஒன்றும் தாருங்கள் என்கிறது. இன்னொன்று, தமிழ்த்தினப் போட்டிக்கு ஏற்றபடி சுருக்கித் தரமுடியுமா என்று கேட்கிறது. நாற்பது நிமிட நாடகத்தை அப்படியே பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பாடசாலையும் கேட்கவில்லை.

பதாகையை வைத்துவிட்டுப் போவதா, வேண்டாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பனங்காய்ப் பணியாரம் எழுதியது:

வைக்க வேண்டாம் தம்பி. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

எங்கள் காலத்துப் பாடசாலை நாடகம் என்றால் பரிசளிப்பு விழா நாடகம். அட்டைக் கிரீடம், வாடகை உடுப்பு, அரசன் ஒருவன், புலவன் ஒருவன், வசனம் மறந்தால் திரைக்குப் பின்னால் இருந்து கிசுகிசுக்கும் ஆசிரியை. பார்ப்பவர்கள் பெற்றோரும் அதிபரும் பிரதம விருந்தினரும். மேடையில் பிள்ளைகள் நின்றார்கள், ஆனால் அது பிள்ளைகளுக்கான நாடகமாக இருக்கவில்லை.

அதை மாற்றியவர்களில் முதல் பெயர் குழந்தை ம. சண்முகலிங்கம். அவர் ஆசிரியர். கலையரசு சொர்ணலிங்கத்தின் பழைய மேடை மரபும் அவருக்குத் தெரியும், 1970களில் கொழும்புப் பல்கலைக்கழகம் நடத்திய நாடக டிப்ளோமாவில் கற்ற புதிய அரங்கும் தெரியும். திரும்பி வந்து 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயிற்சி அரங்க விளையாட்டுகளில் தொடங்கும். ஓடு, நில், மரமாகு, மற்றவனின் நிழலாகு. வசனம் பிறகுதான். 'கூடி விளையாடு பாப்பா', 'ஆச்சி சுட்ட வடை' போன்ற அவருடைய சிறுவர் நாடகங்களில் பாட்டும் ஆட்டமும் விளையாட்டும் ஒன்றாக ஓடும். அதே காலத்தில் மௌனகுருவும் யாழ்ப்பாணத்தில் இருந்தார். 'தப்பி வந்த தாடி ஆடு' அவருடையது. இந்த நாடகங்களைப் பார்த்த பிள்ளை மறுநாள் வகுப்பறையில் மேசையைத் தள்ளிவிட்டு அதையே ஆடும். நான் ஆடினேன், அடியும் வாங்கினேன்.

இவற்றின் முடிவில் பதாகை பிடித்த நினைவு எனக்கு இல்லை. அதே மனிதர்தான் 1985இல் 'மண் சுமந்த மேனியர்' எழுதினார். சிதம்பரநாதன் நெறியாள்கையில் பல்கலைக்கழக மாணவர்கள் அதை ஆடினார்கள். ஊர் முழுவதும் பேசிய நாடகம் அது. சிறுவர் நாடகத்தில் பார்வையாளரை நம்பிப் பழகிய ஒருவரால்தான் பெரியவர்களையும் அப்படி நம்பி எழுத முடிந்தது என்பது என் எண்ணம்.

உங்கள் தவளை கேள்வி கேட்டுவிட்டு நிற்கட்டும். பதாகை அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவதாகும். பிறகு பிள்ளைகள் பேச என்ன இருக்கிறது?

கணக்குப் புலி எழுதியது:

நான் நாடகத்துக்கு எதிரியல்லன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த இழையில் ஒருவராவது பெற்றோர் பக்கம் நின்று பேச வேண்டும்.

ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை. அது முடிந்ததும் சாதாரண தரத்துக்கு ஓட்டம். உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி. காலையில் பள்ளி, மாலையில் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். இதற்குள் நாற்பதும் நாற்பதும் எண்பது நிமிடம் தவளைக்கு என்றால், அந்த இரண்டு பாடவேளை யாருடையது? கணக்கினுடையதா, விஞ்ஞானத்தினுடையதா? சித்திரமும் சங்கீதமும் நடனமும் நாடகமும் அழகியல் பாடங்களாக ஏற்கனவே நேரசூசியில் இருக்கின்றன. அந்த நேரத்துக்குள் செய்யுங்கள்.

இன்னொன்று. கலைப்பிரிவில் நாடகத்தைத் தெரிவு செய்யும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆர்வத்தால் எடுக்கிறார்கள்? சித்தி எளிது என்று யாரோ சொன்னதால் எடுப்பவர்களை எனக்குத் தெரியும். அதற்கும் நாடகக்காரர்கள் பதில் சொல்ல வேண்டும்.

அரங்கியல் மூன்றாம் வருடம் எழுதியது:

கணக்குப் புலி ஐயா, எளிது என்று சொல்லித்தான் என்னையும் சேர்த்துவிட்டார்கள். பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தால் கிரேக்க அரங்கு, சமஸ்கிருத அரங்கு, சிங்கள அரங்கு, ஈழத்துக் கூத்து என்று கடல்போல் விரிந்தது. அரிஸ்டாட்டில் சொன்ன ஆறு மூலகங்களை வரிசை தவறாமல் ஒப்புவிப்பேன். சரச்சந்திராவின் சிங்கள நாடகம் 'மனமே' 1956இல் மேடையேறியது என்று நித்திரையிலும் சொல்வேன். ஆனால் உயர்தரம் எழுதி முடிக்கும்வரை நான் ஒரு நாடகத்தை முழுமையாக நேரில் பார்த்ததில்லை. எங்கள் வகுப்பில் பெரும்பாலானோர் நிலை அதுதான்.

பாடம் இருப்பது பெரிய விடயம். நான் இன்று பல்கலைக்கழகத்தில் இருப்பதற்கு அதுவே காரணம், எனவே குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பாடம் வந்தபோது குறிப்புகளும் வந்தன. சண்முகலிங்கத்தின் நாடகங்களைக்கூட எழுத்துருவாக அல்லாமல், "இந்நாடகத்தின் சிறப்பியல்புகள் ஐந்து தருக" என்றுதான் முதலில் சந்தித்தோம். செய்முறைப் பரீட்சை ஒன்று இருக்கிறது. அதற்கும் முந்தைய ஆண்டு அக்கா ஒருத்தி செய்ததையே செய்து காட்டுவோம். பரீட்சகருக்கும் அது தெரியும், பாவம், தலையாட்டிக்கொண்டு இருப்பார்.

வாத்தியார் ஐயா, அந்த வினாத்தாளைக் கொடுத்துவிடாதீர்கள். தவளை பேசும்போது பிள்ளைகள் பேனையால் "எடுத்துரைஞர் உத்தி, ஒரு புள்ளி" என்று எழுதிக்கொண்டிருப்பார்கள்.

மட்டுநகர் மத்தளம் எழுதியது:

யாழ்ப்பாணத்தார் பேசினால் நாடகம் 1978இல்தான் பிறந்தது போலிருக்கும்! மட்டக்களப்புக்கு ஒருமுறை வந்து பாருங்கள்.

மாணவர்களை வைத்துப் புதிதாகச் செய்தவர் என்றால் பேராசிரியர் வித்தியானந்தனைச் சொல்ல வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்', அடுத்து 'நொண்டி நாடகம்', பிறகு 'இராவணேசன்', 'வாலி வதை'. விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, சனம் முன்னால் மட்டும் இருந்து பார்க்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போனார். 'இராவணேசன்' எழுதி ஆடிய மாணவன்தான் பிற்காலத்துப் பேராசிரியர் மௌனகுரு. நகரத்தார் கூத்தை மரியாதையோடு பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகு.

ஆனால் அதிலும் ஒரு இழப்பு இருந்தது. வட்டக்களரியைச் சுற்றி இருந்த சனம் இருட்டில் கதிரைகளில் உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் பிறகு ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' குழு நண்பர்களும் சீலாமுனைக்குப் போய், ஊர்க் கூத்தர்களோடு இருந்து, கூத்து மீளுருவாக்கம் என்று வேறு வழியில் வேலை செய்தார்கள். கூத்தை மேடைக்கு எடுத்துவராமல், அதன் களரியிலேயே வைத்து, பெண்களை எப்படிக் காட்டுகிறது, சாதியை எப்படிப் பேசுகிறது என்று கூத்தர்களோடு விவாதித்துப் பாட்டை மாற்றுவது. சிறுவர் கூத்தும் அப்படி வந்தது.

என் கேள்வி இதுதான் வாத்தியார். நீங்கள் ஏன் நாடகத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிறீர்கள்? எங்கள் ஊரில் கூத்துப் பழகுவதே ஒரு பள்ளிக்கூடம். முதலில் சட்டம் கொடுத்தல்: யாருக்கு எந்தப் பாத்திரம் என்று சபை கூடித் தீர்மானிக்கும். பிறகு மாதக்கணக்கில் ஆட்டம் பழகல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், அதன் பிறகு வீட்டுக்கு வீடு. தாளம் பிழைத்தால் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிடுவார். அந்த மௌனத்துக்கு முன்னால் நின்ற பிள்ளைக்கு வினாத்தாள் எதற்கு? நீங்கள் நாற்பது நிமிடம் காட்டிவிட்டுப் போகிறீர்கள். மறுநாள் என்ன மிஞ்சும்?

வடமராட்சி வாத்தியார் எழுதியது:

மத்தளத்தார், கோபிக்க வேண்டாம். எங்கள் பக்கமும் கூத்து இருக்கிறது. காத்தவராயன் கூத்துக்குப் பாயும் தலையணையும் கொண்டுபோகும் ஊர்களை எனக்குத் தெரியும். வட்டுக்கோட்டைக் கூத்து இருக்கிறது. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' பார்த்து அழுத தலைமுறையின் கடைசி ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் சொல்லும் அந்த மாதக்கணக்கை எனக்கு எந்தப் பாடசாலை தரும்? கணக்குப் புலி எண்பது நிமிடத்துக்கே பாயத் தயாராக இருக்கிறார். ஊர் தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிற இடத்தில் நான் குறுக்கே நிற்கமாட்டேன். அது இல்லாத நகரப் பள்ளிகளுக்குத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன்.

மறுநாள் என்ன மிஞ்சும் என்ற கேள்வி மட்டும் உறைக்கிறது. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கரிசல் டீச்சர் எழுதியது:

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளி, நடுநிலை வகுப்புகள். இதுவரை வாசித்ததில் எனக்குப் பொறாமைதான் அதிகம். நாடகம் ஒரு பாடமாக, அதற்கென்று ஆசிரியராக, பரீட்சையாக இருக்கிறது உங்களுக்கு. இங்கே பத்தாம் வகுப்புவரை அப்படி எதுவும் கிடையாது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, நாடகப் போட்டியும் உண்டு. என் பிள்ளைகள் மாவட்டம்வரை போனார்கள். நல்ல முயற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் போட்டி என்றால் உடனே தலைப்பு வந்துவிடுகிறது: நெகிழி ஒழிப்பு, கைபேசி அடிமைத்தனம், மரம் வளர்ப்பு. எந்தப் பள்ளி ஆடினாலும் கடைசிக் காட்சியில் எல்லோரும் வரிசையாக நின்று கையை உயர்த்துவார்கள். அடுத்த பள்ளியும் அதையே செய்யும். நடுவர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

என் பிள்ளைகள் மெய்மறந்து பார்த்தது புதுச்சேரி வேலு சரவணனின் ஆழி குழு ஆடிய 'கடல் பூதம்'. கோமாளி போல வந்தார், பிள்ளைகளோடு சண்டை போட்டார், பூதம் வந்ததும் முதல் வரிசை எழுந்து ஓடியது. எழுந்து ஓடிய பிள்ளை திரும்பி வந்து பூதத்துக்கு எதிராக மீனவனுக்கு யோசனை சொன்னது! அந்தப் பிள்ளை என் வகுப்பில் வாயே திறக்காத பையன். அந்த நாடகத்தின் செய்தி என்ன என்று தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சிரித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க ஆசை. நாடகம் முடிந்ததும் பிள்ளைகளைப் பேசவைப்பது எளிதா? எங்கள் பிள்ளைகளிடம் "நாடகத்தில் என்ன கற்றுக்கொண்டாய்" என்று கேட்டால் பாடப்புத்தகம் பேசும்.

வெளிக்கள உத்தியோகத்தர் எழுதியது:

செய்தி நாடகம், பதாகை நாடகம் என்று எல்லோரும் சேர்ந்து அடிக்கிறீர்கள். அதைப் போட்டவர்களில் நானும் ஒருவன், எனவே பதில் சொல்கிறேன்.

2009க்குப் பிறகு வன்னியில் மீள்குடியேற்றம் நடந்தபோது மிதிவெடி விழிப்புணர்வு நாடகம் போட்டோம். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத இடங்களில் பிள்ளைகள் விறகு பொறுக்கப் போவார்கள், பழைய இரும்பு எடுத்து விற்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் "நீங்களே யோசியுங்கள்" என்று திறந்த முடிவோடு நாடகத்தை நிறுத்த முடியுமா? தெரியாத பொருளைத் தொடாதே, அடையாளம் வை, பெரியவரிடம் சொல். இதை மூன்று முறை, நான்கு முறை, பாட்டாகவும் சொன்னோம். அழகியல் பார்க்க நேரமில்லை.

காசு பற்றியும் பேசுங்கள். அந்தத் திட்டங்கள்தான் பல நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்தன. வாகனம், மத்தளம், உடுப்பு எல்லாம் அதிலிருந்து வந்தவை. திட்டம் முடிந்ததும் குழு கலைந்தது என்பதும் உண்மை. ஆனால் தூய கலையை நம்பியிருந்தால் குழுவே இருந்திருக்காது.

பனங்காய்ப் பணியாரம் எழுதியது:

உத்தியோகத்தரே, மிதிவெடி விடயத்தில் உங்களோடு எனக்கு வழக்கே இல்லை. உயிர் போகிற இடத்தில் கட்டளைதான் பேச வேண்டும். எனக்கு ஆறாத விடயம் வேறு. மிதிவெடிக்குச் செய்ததை அப்படியே டெங்குக்கும் போதைப்பொருளுக்கும் இளவயதுத் திருமணத்துக்கும் கைகழுவுதலுக்கும் செய்தோம். ஒரே அச்சு. ஒரு நல்லவன், ஒரு கெட்டவன், ஒரு மருத்துவர், ஒரு பாட்டு. கடைசியில் பிள்ளைகள் நாடகம் என்றாலே அதுதான் என்று நம்பிவிட்டார்கள். அதிகாரி "செய்தி என்ன" என்று கேட்பதில் வியப்பில்லை, அவரும் அதைத்தானே பார்த்து வளர்ந்தார்?

பயன்படும் நாடகம் மோசமாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில்லை. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' போரால் உள்ளம் காயப்பட்ட மனிதரைப் பற்றியது. 1990களின் தொடக்கம், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெய்கூட அருமையாக இருந்த காலம். உளநோயை ஊர் ஒளித்து வைத்திருந்தபோது அதை மேடையில் பேசியது. அவருடைய 'எந்தையும் தாயும்' பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போனபின் ஊரில் தனித்த பெற்றோரைப் பற்றியது. பெற்றோரைப் பேணுங்கள் என்று ஒரு வரியாவது அதில் உபதேசமாக வருகிறதா? ஆனாலும் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் நேரே தபாற்கந்தோருக்குப் போகத் தோன்றியது என்று சொல்வார்கள்.

கரிசல் டீச்சர், "என்ன கற்றுக்கொண்டாய்" என்று கேட்டால் பாடப்புத்தகம்தான் பேசும். "ஆமையை ஏன் யாருக்கும் பிடிக்கவில்லை" என்று கேட்டுப் பாருங்கள்.

தேம்ஸ் கரை எழுதியது:

லண்டனிலிருந்து ஒரு சிறு குறிப்பு. இங்கே பாலேந்திராவும் ஆனந்தராணியும் நடத்தும் தமிழ் அவைக்காற்று கலைக் கழகம் 1978இல் இலங்கையில் தொடங்கிய குழு. இங்கு வந்தபின் பிள்ளைகளுக்கென்று தமிழ் நாடகப் பள்ளியும் நடத்தினார்கள். வீட்டில் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைகள் மேடையில் தமிழில் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்களுக்குப் பெரிய குறை, எழுத்துரு. இருப்பவற்றையே திரும்பத் திரும்ப ஆட வேண்டியிருக்கிறது. தவளை நாடகம் அச்சில் வருமா? கிணற்றைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு விளங்குமா என்பதும் எனக்கு ஐயம்.

கணக்குப் புலி எழுதியது:

ஆமை பற்றிய கேள்வி நல்லது. என் மகளிடம் கதையை மட்டும் சொன்னேன். ஆமை புதிதாக வந்ததா, இடம்பெயர்ந்து வந்ததா என்று கேட்டாள். எனக்கு அது தோன்றவில்லை.

ஆனாலும் வியாழக்கிழமை இரண்டாம் பாடவேளையைத் தொடக்கூடாது. அது கணக்கு.

மட்டுநகர் மத்தளம் எழுதியது:

பார்த்தீர்களா, நாடகத்தைப் பார்க்காத பிள்ளையே கேட்டுவிட்டது. 1995 வலிகாமம் இடப்பெயர்வைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டிருப்பாள். வாத்தியார், உங்கள் ஆமையை நீங்களே சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அதற்கு எத்தனை வசனம் கொடுத்திருக்கிறீர்கள்?

வடமராட்சி வாத்தியார் எழுதியது:

ஆமைக்கு இரண்டே வசனம். கேட்டதும் எடுத்துப் பார்த்தேன். முழு வழக்கும் அதன்மேல் நடக்கிறது, அதை யாரும் பேசவிடவில்லை. இது வேண்டுமென்று செய்ததல்ல, ஆனால் இப்போது அப்படியே விடப்போகிறேன். பேச்சு நேரத்தில் ஆமையாக ஆடுபவர் முகமூடியோடு பிள்ளைகள் நடுவில் வந்து உட்காருவார். பிள்ளைகள் அதனிடம் கேள்வி கேட்கலாம், அது பதில் சொல்லும். இது புதிதாக நாங்கள் கண்டுபிடித்த உத்தி இல்லை, கல்வியியல் அரங்கில் பாத்திரத்தைக் கதிரையில் இருத்திக் கேள்வி கேட்பது பழைய பயிற்சிதான்.

மத்தளத்தார் கேட்ட "மறுநாள்" பற்றி ஒரு வழி தோன்றுகிறது. நாடகத்துக்கு முதல் வாரம் அதே பாடசாலையில் ஐந்தாறு பிள்ளைகளைத் தெரிவு செய்து, தவளைக் கூட்டத்துக்கான பாட்டையும் ஆட்டத்தையும் பழக்குவது. நாடகத்தன்று அவர்களும் எங்களோடு ஆடுவார்கள். நாங்கள் போனபின் பாட்டு அந்தப் பள்ளியில் இருக்கும். வழக்கின் அடுத்த நாளை அவர்களே செய்துபார்க்கட்டும், எங்கள் எழுத்துருவை மாற்றினாலும் சரி. பள்ளி விட்டபின் பழக்கலாம், கணக்குக்கு ஆபத்தில்லை.

பதாகை வேண்டாம் என்று அதிகாரியிடம் சொன்னேன். "அப்படியானால் செய்தி என்ன என்ற கட்டத்தில் என்ன எழுதுவது" என்று படிவத்தைக் காட்டினார். அவரும் நல்ல மனிதர், படிவத்துக்குத்தான் கட்டம் நிரம்ப வேண்டும். "நிலத்தடி நீர்" என்று இரண்டு சொல் எழுதிக் கொடுத்தேன். கையொப்பம் கிடைத்துவிட்டது.

தேம்ஸ் கரை, எழுத்துருவை அடித்து அனுப்புகிறேன். கிணற்றைக் குளமாக மாற்றாதீர்கள். கிணறு என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்கட்டும், அதையே தவளைகளிடம் கேட்கும் ஒரு காட்சியாக்குங்கள்.

வெளிக்கள உத்தியோகத்தர் எழுதியது:

அந்தப் படிவத்தை வடிவமைத்த கூட்டமொன்றில் நானும் இருந்திருக்கக்கூடும். சிரித்துக்கொள்ளுங்கள்.

வாகனம் வேண்டுமானால் கேளுங்கள். ஞாயிறுகளில் சும்மாதான் நிற்கிறது, டீசல் உங்கள் செலவு.

அரங்கியல் மூன்றாம் வருடம் எழுதியது:

ஐயா, பாட்டுப் பழக்க ஆள் தேவையென்றால் எங்கள் வகுப்பில் நான்கு பேர் வரத் தயார். ஒருத்தி மிருதங்கம் வாசிப்பாள். எங்களுக்கும் களப்பயிற்சி அறிக்கை ஒன்று எழுத வேண்டியிருக்கிறது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆமைப் பாத்திரத்துக்குப் பெண் ஒருவர் வந்தால் பிழையா?

வடமராட்சி வாத்தியார் எழுதியது:

பிழையே இல்லை, இப்போது ஆடும் தம்பிக்கு வெளிநாட்டு விசா வந்துவிட்டது, ஆமை இடம் வெற்றிடம்தான். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒத்திகை. தவளைபோலக் குந்தியிருக்க முழங்கால் தாங்க வேண்டும், பழைய காற்சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள் பிள்ளைகள். இரண்டு பாடசாலைகள் நாள் தந்துவிட்டன. மூன்றாவது பாடசாலை அதிபர், பங்குபற்றும் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் உண்டா என்று கேட்கிறார். தவளை நீதிமன்றத்தின் முத்திரையோடு அடித்துத் தரலாமா என்று யோசிக்கிறோம். யாருக்காவது சித்திரம் வருமா?